சுற்றவாளி

நான் ஆடு திருடியிருக்கிறேன். மச்சானின் தோளில் கத்தியால் வெட்டியிருக்கிறேன். கசிப்புச் சாராயம் காய்ச்சியிருக்கிறேன், அனுமதி இல்லாமல் மணல் ஏற்றியிருக்கிறேன், இரண்டாம் தாரம் கட்டியதை முதல் மனைவிக்கு மறைத்திருக்கிறேன். எல்லாம் சிங்களத்தில். கோட்டு, அதாவது நீதிமன்ற, மொழிபெயர்ப்பாளனின் தொழில் அப்படி. சாட்சிக் கூட்டில் நிற்பவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "இவர் இப்படிச் சொல்கிறார்" என்று ஒதுங்கி நிற்க இடமில்லை.

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னைப் போன மாதம் ஒரு இளம் சட்டத்தரணி தொலைபேசியில் தேடிப் பிடித்தார். சிலாபத்துப் பிள்ளை. என்னுடைய கடைசி வருடங்களில் எங்கள் கோட்டுக்கு வந்து போனவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல என்னை "நானா" என்பார்.

"நானா, அந்த அலைஞ்சு திரியிற ஆக்கள்ட சட்டத்தை இல்லாம ஆக்கப் போறாங்க எண்டு கதை வருது. நாங்க கொஞ்சப் பேர் சேர்ந்து எழுதிக் குடுக்கப் போறம். நீங்க அந்த வழக்குகளுக்கு எவ்வளவு நிண்டிருப்பீங்க. ஞாபகம் இருக்கிறத எழுதித் தாங்களன்."

அந்தச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. வேலை இல்லாமல், நிலையான இருப்பிடம் இல்லாமல், தான் யார் என்று பொலிசுக்குத் திருப்தியாக விளக்கம் கொடுக்க முடியாமல் வெளியில் நிற்கும் ஒருவரைப் பிடித்துக் கோட்டுக்குக் கொண்டு வரலாம். இந்தத் தீவில் அடிமை முறையைச் சட்டப்படி முடித்து வைத்ததும், இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்ததும் சில வருட இடைவெளியில்தான் என்று அந்தப் பிள்ளை சொன்னார். ஒரு கையால் அவிழ்த்து மறு கையால் கட்டியிருக்கிறார்கள். இத்தனை காலம் அந்தச் சட்டத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியும் எனக்கு இது தெரியாது. தெரிய வந்ததும் இன்னாசியின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மற்ற வழக்குகளை வேறு யாராவது எழுதட்டும். நான் இன்னாசியை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் மன்னாரில் பிறந்தவன். அங்கேயே கோட்டில் சேர்ந்து வேலை பழகினேன். கோட்டில் எங்களை "முதலியார்" என்று அழைப்பார்கள். அது தன் வேலையை முடித்துக் கொடுத்த ஊர்ப் பெரியவர்களுக்கு வெள்ளைக்காரன் கொடுத்த பட்டம். பட்டமும் தலைப்பாகையும் போய் எத்தனையோ காலம், கோட்டில் மட்டும் பெயர் ஒட்டிக் கொண்டிருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சொன்னபோது, உம்மாவையும் தங்கைகளையும் தோணியில் ஏற்றிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினேன். கிடுகுக் கொட்டிலில் குடும்பத்தை விட்டுவிட்டு, இந்தக் கரையோரத்தில் ஒரு கோட்டில் வேலைக்குப் போய் நின்றேன். அரசாங்க உத்தியோகம் என்பதால் சம்பளம் நிற்கவில்லை. வெள்ளைச் சட்டையைக் கொட்டிலுக்குள் ஓலையில் செருகிய கம்பியில் தொங்கவிட்டிருப்பேன். "அகதி முதலியார்" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். கேட்காத மாதிரிப் போவேன்.

போர் முடிந்த பிறகு எங்கள் கோட்டுக்கு வந்த நீதவான் ஒரு சிங்களப் பெண்மணி, மலைநாட்டைச் சேர்ந்தவர். நான் வேலை செய்த நீதவான்களில் அவரைப் போல ஒருவரைக் கண்டதில்லை. காலையில் ஆசனத்தில் அமர்ந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துடைத்து முடியும்வரை வழக்குக் கூப்பிட முடியாது. முன்பிருந்தவர்கள் கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்டு, பதிலை என் வாயைப் பார்த்து எழுதுவார்கள். கூண்டில் நிற்பவர் ஒரு மரம் மாதிரி நிற்பார். இவர் கூண்டில் நிற்பவரைப் பார்த்தே கேட்பார். பதில் தமிழில் வரும்போது ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் அந்த முகத்தையே பார்த்துக் கொண்டிருப்பார். அது முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்புவார். ஒரு தடவை ஒரு மீனவப் பெண்ணின் நீண்ட பதிலை நான் சுருக்கிச் சொன்னபோது, "முதலியார், அந்த அம்மா இவ்வளவு நேரம் சொன்னது இந்தக் கொஞ்சமா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு நான் சுருக்கியதில்லை.

யாராவது மெதுவாகப் பேசினால் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். விசிறி நின்றால் சட்டத்தரணிகள் கறுப்புக் கோட்டுக்குள் வெந்து போவார்கள். ஆனாலும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை பொலிஸ் சார்ஜன்ட் என் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர். சிங்களத்தில்தான் பேசுவோம்.

"முதலியார், உங்களுக்கு இங்கிலீசு வரும்தானே? பாலாவிச் சந்தியில் ஒரு வெளிநாட்டுக்காரனைப் பிடித்திருக்கிறோம். ஆபிரிக்கன். விசா இல்லை, பாஸ்போட் இல்லை, ஒன்றும் இல்லை. கப்பலில் வந்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறான்."

கோட்டின் பின்பக்கத்தில் கைதிகளை வைக்கும் கூட்டுக்குப் போனேன். உயரமான மனிதர், ஐம்பதை நெருங்கிய வயது, சுருள் முடியில் நரை. இடுப்பில் சாரமும், உப்பு மூட்டை சுமந்து தோள் பகுதி வெளுத்த சட்டையும். நான் ஆங்கிலத்தில் பெயர் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு இங்கிலீசு தெரியாது ஐயா. தமிழ்ல கேளுங்க."

கற்பிட்டிக் கரையின் கத்தோலிக்க மீனவர் பேசும் தமிழ். கண்ணை மூடிக் கேட்டால் தலவிலத் தேவாலயத் திருவிழாவில் மெழுகுதிரி விற்பவர் என்று நினைக்கலாம்.

"பேர் என்ன?"

"இன்னாசி."

"ஊர்?"

"கற்பிட்டிக் கரை. கரைவலை வாடி. இப்ப அந்த வாடி இல்ல."

இந்தப் பக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாடி என்றால் மீனவர் கடற்கரையில் தங்கி வேலை செய்யும் கொட்டில். புத்தளத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஆபிரிக்காவில் இருந்து பறங்கியர் என்ற போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வெள்ளைக்காரரும் அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டு வந்த மனிதரின் பிள்ளைகளுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். சில குடும்பங்கள்தான். கத்தோலிக்கர். இப்போது பேசுவது சிங்களம். அவர்களைக் "காப்பிரி" என்பார்கள், அவர்களும் தங்களை அப்படியே சொல்லிக் கொள்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும் போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம் வரும். அது எங்களுடைய "காபிர்". அல்லாஹ்வை ஏற்காதவன் என்று பொருள். அறபு வியாபாரிகள் அதை ஆபிரிக்கக் கரையில் விட்டுவிட்டு வந்தார்கள், பறங்கியர் எடுத்துக் கொண்டார்கள், அது கப்பல் ஏறி இங்கே வந்து மூன்று மொழிகளிலும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொல்லாகி விட்டது.

அன்று வழக்கு எடுக்கப்பட்டது. சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்த சந்தேகம் ஒன்று, அலைந்து திரிந்த குற்றம் ஒன்று. பொலிஸ் நிலையத்தில் தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் அவருடைய வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எடுத்திருந்தார். நீதவான் அதை வாசித்துவிட்டுக் கூண்டைப் பார்த்தார்.

"நீங்கள் கப்பலில் வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். எந்தக் கப்பல்?"

தமிழில் கேட்டேன். இன்னாசி ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. நீதவான் கையை உயர்த்தினார். விசிறி நின்றது.

"நாங்க கப்பல்ல வந்த ஆக்கள் எண்டுதான் சொன்னன் அம்மா. எங்கட ஆக்கள் எங்க இருந்து வந்த எண்டு பொலிசில எழுதினவர் கேட்டார். அதுக்குச் சொன்னன்."

"எப்போது வந்தீர்கள்?"

"பறங்கியன்ட காலத்தில எண்டு எங்கட அப்பா சொல்லுவார்."

நான் சிங்களத்தில் சொன்னதும் மண்டபம் சிரித்தது. சார்ஜன்ட் கூடத் தலையைக் குனிந்து சிரித்தார். நீதவான் சிரிக்கவில்லை. இன்னாசியும் சிரிக்கவில்லை, ஏன் சிரிக்கிறார்கள் என்று என்னைப் பார்த்தார்.

ஆனால் கையில் அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்று இல்லை. அவரை யார் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. கொழும்பில் இருந்து அறிக்கை கேட்டு, அதுவரை சிறையில் விளக்கமறியல் என்று நீதவான் எழுதினார்.

அவர் கதை துண்டு துண்டாகத்தான் தெரிய வந்தது, வழக்குத் தவணைக்குத் தவணை. தகப்பன் இறந்த பிறகு தாய் அவரைச் சிறு வயதிலேயே கற்பிட்டிப் பக்கம் ஒரு சம்மாட்டி வீட்டில், அதாவது கரைவலைக்குச் சொந்தக்காரர் வீட்டில், விட்டிருக்கிறார். "சோத்துக்கு விட்டது" என்றார் இன்னாசி. சோறு உண்டு, சம்பளம் இல்லை. வலை இழுத்தார், கருவாடு காய வைத்தார், வாடியிலேயே படுத்தார், அங்கேயே வளர்ந்தார். போர்க்காலத்தில் சோதனை வந்தபோது சம்மாட்டியார், "இவன் எங்கட ஆள்" என்று சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். சம்மாட்டியார் இறந்து போனார். போர் முடிந்ததும் கரைக்கு விலை வந்தது. அவருடைய பிள்ளைகள் அந்தக் காணித் துண்டை விடுதி கட்டுபவர்களுக்கு விற்றார்கள். வாடியைப் பிரித்தார்கள். இன்னாசி வீதிக்கு வந்தார். உப்பளத்து லொறிகளில் மூட்டை ஏற்றி, சாப்பாட்டுக்குக் கிடைத்ததை வாங்கிக் கொண்டு, பாலாவியில் படுத்திருக்கிறார்.

பொலிஸ் அந்தப் பிள்ளைகளிடம் போய் விசாரித்தது. "அப்படி ஒருத்தர் எங்களிட்ட இருக்கல்ல" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு காலம் அந்த மண்ணில் இருந்தவர் என்று ஒப்புக்கொண்டால் அவர் நிலத்தில் பங்கு கேட்கலாம் என்று யாரோ அவர்களுக்குப் பயம் காட்டியிருக்க வேண்டும். அதை நான் இன்னாசிக்குத் தமிழில் சொன்னேன். அவர் அதை நம்பவில்லை.

"இல்ல ஐயா, நீங்க பிழையா விளங்கியிருப்பீங்க. சின்னவரை நான்தான் தோள்ல தூக்கித் திரிஞ்சனான்."

அடுத்த தவணையில் கொழும்பில் இருந்து குடிவரவு அதிகாரி ஒருவர் வந்தார். ஆளை வெளியேற்ற வேண்டும் என்றால் எந்த நாட்டுக்கு என்று தெரிய வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். நீதவானின் அனுமதியோடு கேட்டார்.

"உங்களுடைய நாடு எது?"

"கற்பிட்டி" என்றார் இன்னாசி.

"அது ஊர். நாடு?"

இன்னாசி யோசித்தார். "சம்மாட்டியார்ட வாடி" என்றார்.

"உங்கள் முன்னோர் வந்த நாடு?"

"தெரியாது. அவங்களுக்கும் தெரியாம இருந்திருக்கும்."

நான் அப்படியே சொன்னேன். அதிகாரி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், நான் ஏதோ சேர்த்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த நாள்களில் கடைத்தெருவில் என்னைக் காண்பவர்கள், "யுத்தம் முடிஞ்சுதே முதலியார், எப்ப ஊருக்குப் போவீங்க?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள்.

இதற்கிடையில் கதை புத்தளத்துப் பக்கத்து அந்தக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கோட்டில் ஒரு காப்பிரி ஆளை அடைத்திருக்கிறார்களாம், அவன் நம்முடைய எந்த வீட்டு ஆளும் இல்லையாம் என்று. மூன்றாம் தவணைக்கு ஒரு பெண் வந்தார். பெயர் ரோசலின். ஆசுபத்திரியில் சிற்றூழியர். வெளுத்த நீலச் சட்டை, எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டிய சுருள் முடி. இன்னாசியின் நெற்றியும் தாடையும் அவரிடம் இருந்தன. எனக்கு அப்படித் தெரிந்தது. ஆனால் நான் பார்ப்பது சாட்சி ஆகாது.

பைபிளைக் கையில் கொடுத்துச் சத்தியம் செய்வித்தேன். அவர் சிங்களத்தில் சாட்சி சொன்னார், நான் கூண்டின் பக்கத்தில் நின்று இன்னாசிக்குத் தமிழில் சொன்னேன். தன் மூத்த சகோதரனைத் தாய் கடற்கரைப் பக்கம் யாரிடமோ கொடுத்ததாகவும், தாய் பிறகு ஒரு தடவை தேடிப் போனபோது வாடி இடம் மாறிப் போயிருந்ததாகவும், சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுததாகவும் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கோயிலில் வைத்த பெயர் பிரான்சிஸ் என்றார்.

சொல்லிக் கொண்டே போனவர் கூண்டுப் பக்கம் திரும்பி, "அய்யா!" என்று கூப்பிட்டார்.

இன்னாசி பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சிறைக் காவலர் நின்றார். பிறகு என்னிடம் குனிந்தார். "அவ ஏன் என்னை ஐயா எண்டு கூப்பிடுறா? என்னை ஆரும் அப்படிக் கூப்பிட்டதில்ல."

"சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன்" என்றேன்.

அவர் கூண்டின் கம்பியைப் பிடித்துக் கொண்டார்.

நீதவான் அவரைப் பார்த்துக் கேட்டார். "இவர் உங்கள் தங்கையா?"

அந்தக் கேள்விக்கு ஓம் என்று ஒரு சொல் போதும். மண்டபத்தில் எல்லாருக்கும் அது தெரியும். சார்ஜன்ட் கூட அந்த ஓமுக்காகக் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். இன்னாசி ரோசலினை நீண்ட நேரம் பார்த்தார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தது அம்மா. தவழ்ந்து திரிஞ்சது ஞாபகம் இருக்கு. இவதானா எண்டு சொல்ல ஏலாது. பொய் சொல்லப் பயமா இருக்கு."

"உங்களை யாராவது பிரான்சிஸ் என்று கூப்பிட்டதுண்டா?"

"தெரியாது. வாடியில எல்லாரும் காப்பிரி எண்டுதான் கூப்பிடுவாங்க. பிறகு சம்மாட்டியார்ட பொஞ்சாதி இன்னாசி எண்டு பேர் வச்சா."

என் தொழிலில் நாக்கு கனத்த நேரங்கள் சில உண்டு. இது அதில் பெரியது. ஒரு சொல்லைக் கொஞ்சம் மென்மையாக்கியிருக்கலாம். "ஏலாது" என்பதை "கடினம்" ஆக்கியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் தன் விடுதலையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதை மாற்ற நான் யார்? அப்படியே சொன்னேன்.

சார்ஜன்ட் எழுந்தார். தன் கடமையைச் செய்தார். "கனம் நீதவான் அவர்களே, கோயில் பதிவில் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கலாம். அந்தப் பிள்ளை இந்த ஆள்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. சந்தேகநபரே ஒப்புக்கொள்ளவில்லை."

ரோசலின் அனுமதி கேட்காமல் பேசினார். சத்தம் போடவில்லை.

"அந்தச் சார்ஜன்டிடம் ஒன்று கேட்க வேண்டும். பாலாவிச் சந்தியில் எத்தனையோ பேர் மூட்டை தூக்குகிறார்கள். இவரை மட்டும் ஏன் பிடித்தீர்கள்? முகத்தைப் பார்த்துத்தானே? ஆளைப் பிடிக்க அந்த முகம் போதுமாக இருந்தது. இப்போது அதே முகத்தோடு நான் வந்து நிற்கிறேன், என்னிடம் ஆதாரம் கேட்கிறீர்கள். அவர் எனக்கு அண்ணனாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர் எங்களுடைய ஆள். நான் கூட்டிக் கொண்டு போகிறேன்."

நான் இதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை நீதவான் பேனாவை எடுக்கவில்லை. அன்று அவர் கட்டளை எழுதவும் இல்லை. தவணை போட்டார்.

பகல் இடைவேளையில் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதிரையில் இருக்கச் சொன்னார். அப்படி அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"அந்தப் பெண் சொன்னது சரி, முதலியார். ஆனால் 'சரி' என்று எழுத எனக்கு ஒரு சட்டப் பிரிவு இல்லை." கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் எந்த ஊர்?"

"மன்னார், அம்மா."

"இப்போது திரும்பிப் போகலாமே?"

"போய்ப் பார்த்தேன். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. அங்கே உள்ளவர்கள் ஏன் வந்தீர்கள் என்கிறார்கள். இங்கே உள்ளவர்கள் எப்போது போவீர்கள் என்கிறார்கள்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டே இருந்தார். இந்த நாட்டில் கலியாணத்துக்கும் காணிக்கும் முஸ்லிமுக்கு ஒரு சட்டம், யாழ்ப்பாணத்தாருக்கு ஒன்று, கண்டிச் சிங்களவருக்கு ஒன்று என்று அவர் அலுமாரியில் தடித்த புத்தகங்களாக நின்றன. ஒல்லாந்தரும் வெள்ளைக்காரரும் எங்களைப் பிரித்துப் பிரித்து அடுக்கி வைத்த அடுக்கு. சுதந்திரம் வந்த பிறகும், தேர்தல் மேல் தேர்தல் நடந்த பிறகும், நாங்கள் அந்த அடுக்கிலேயே இருந்து கொண்டு யார் மேல் தட்டு என்று சண்டை பிடித்தோம். இன்னாசிக்கு எந்தத் தட்டும் இல்லை. மிஞ்சியிருந்தது அலைந்து திரிவோர் சட்டம் ஒன்றுதான்.

கடைசியில் கொழும்பில் இருந்து வந்த அறிக்கை, எந்த நாட்டவர் என்று அடையாளம் காண முடியவில்லை என்று சொன்னது. அந்தக் குற்றச்சாட்டு விழுந்தது. மற்றது நின்றது. நான் அதை வாசித்துக் காட்டி, எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட கேள்வியைக் கேட்டேன்.

"குற்றவாளியா, சுற்றவாளியா?"

எங்கள் கோட்டுத் தமிழில் குற்றமற்றவர் சுற்றவாளி. கோட்டுக்கு வெளியே அந்தச் சொல்லை யாரும் பேசுவதில்லை.

இன்னாசி தலையாட்டினார். "ஓம் அம்மா, சுத்தினது உண்மைதான். வாடி போன பிறகு சுத்தித்தான் திரிஞ்சன். போக இடம் இருக்கல்ல."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவருடைய பதிலை முழுவதாகச் சிங்களத்தில் சொன்னேன். பிறகு, அந்தச் சொல்லைப் பற்றி விளக்கம் கொடுக்க அனுமதி கேட்டேன். சுற்றுவது என்றால் அலைவது, சுற்றவாளி என்றால் குற்றமற்றவர், அவர் அதை எந்தப் பொருளில் விளங்கிக்கொண்டு பதில் சொன்னார் என்று விளக்கினேன். நீதவான் கேட்டுவிட்டு, சுற்றவாளி என்று பதிந்தார். ரோசலினின் வீட்டை நிலையான இருப்பிடமாக ஏற்று, அவருடைய பொறுப்பில் விடுவித்தார். அடுத்த தவணையில் பொலிஸ் வழக்கைத் தொடரவில்லை.

வாசலில் ரோசலின் ஒரு பாண் துண்டும் வாழைப்பழமும் வைத்துக் கொண்டு நின்றார். இருவரும் பஸ்சுக்கு நடந்தார்கள்.

பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரோசலின் வீட்டுக்குப் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அண்ணனும் தங்கையும் கையால் காட்டிக் காட்டிப் பேசுவதை நினைத்தால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு நாள் ரோசலின் கேட்கச் சொன்னார், "அம்மா மேல் அவருக்குக் கோபமா?"

கேட்டேன். இன்னாசி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அம்மாவோட கோவம் இல்ல. அம்மாட முகம்தான் தெரியாது. தெரிஞ்சிருந்தா கோவிச்சிருக்கலாம்."

ரோசலின் அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் தேர்தல் ஒன்று வந்தது. ஒரு வேட்பாளர் அந்த ஊருக்கு ஜீப்பில் வந்து, பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பெயர் போனவர்கள் என்று தன் மேடையில் ஆடிப் பாட ஆள் கேட்டார். நீங்கள்தான் இந்த மாவட்டத்தின் அழகு என்றார். ரோசலின், அண்ணனுக்கு அடையாள அட்டை எடுக்க உதவி கேட்டார். வேட்பாளர் பார்க்கலாம் என்றார். இன்னாசி முற்றத்தில் நின்று, ஜீப்பில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் வாக்குப் போட்டதில்லை.

கரைவலைக் காலம் தொடங்கியதும் அவரால் இருக்க முடியவில்லை. வேலை தேடித் தெற்கே சிலாபத்துப் பக்கமாகக் கரையோரம் நடந்து போயிருக்கிறார். தேர்தலுக்கு முன் ஏதோ ஒரு பட்டணத்தில் பெரிய மனிதர்கள் வரப் போகிறார்கள் என்று வீதிகளைச் சுத்தம் செய்தார்கள். குப்பையோடு ஆட்களையும் அள்ளினார்கள். அதில் இன்னாசியும் அகப்பட்டார். அந்தக் கோட்டில் அன்று தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லை. எங்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். அவரிடம் என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. குற்றத்தை ஏற்றுக்கொண்டார் என்று பதிவாகியிருந்தது. அலைந்து திரிபவர்களை அடைத்து வைக்கும் தடுப்பு இல்லம் ஒன்றுக்கு, தூரத்தில், அனுப்பிவிட்டார்கள்.

ரோசலின் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கப் பல மாதங்கள் போயின. கடலுக்குப் போயிருப்பார் என்று முதலில் சும்மா இருந்துவிட்டார். எங்கள் நீதவான் அப்போது மாற்றலாகிப் போயிருந்தார். ஆனாலும் ஒரு சட்டத்தரணி காசு வாங்காமல் மனுப் போட்டார். ரோசலினின் பொறுப்பில் ஒப்படைக்கலாம் என்று கட்டளை கிடைத்தது. நான் லீவு எடுத்துக் கொண்டு ரோசலினோடு போனேன். இரண்டு பஸ் மாறினோம். அவர் மடியில் ஒரு புதுச் சாரம் இருந்தது.

அங்கே மேசையில் இருந்தவர் கட்டளையை வாசித்தார். பிறகு எங்களை இருக்கச் சொன்னார். காய்ச்சல் வந்ததாகவும், ஆசுபத்திரிக்குக் கொண்டு போனதாகவும், போன கிழமை இறந்துவிட்டதாகவும் சொன்னார். உரித்தாளர் யாரும் இல்லை என்று நினைத்து அடக்கம் செய்துவிட்டார்களாம். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார்.

ரோசலின் அழவில்லை. இன்னாசியைப் பார்த்துக் கொண்ட ஊழியரைக் காண வேண்டும் என்றார். வயதான ஒருவர் வந்தார். ரோசலின் அவரிடம் சிங்களத்தில் கேட்டார்.

"கடைசியில் ஏதாவது சொன்னாரா?"

"நிறையச் சொன்னார், மகள். ஒரு நாள் முழுக்கப் பேசிக் கொண்டே இருந்தார். என் கையைப் பிடித்துக் கொண்டு திரும்பத் திரும்ப ஏதோ கேட்டார். இங்கே எங்களுக்கு யாருக்கும் தமிழ் தெரியாது."

ரோசலின் என் பக்கம் திரும்பினார். பழக்கத்தில் திரும்பிவிட்டார். அவர் அண்ணன் சொன்னதையெல்லாம் இதுவரை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். என் முகத்தைப் பார்த்துக் கொண்டே காத்திருந்தார்.